நெஞ்சுக்கு மாத்திரை, கண்ணுக்குத் திரை

பாலு,

உன் கடிதத்தை அப்பா ஒரு தடவை படித்தார். நான் தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல தடவை படித்துவிட்டேன். உன் நண்பனின் தங்கை வசந்தாவைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாய். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயதிலேயே இதயத்தில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதை மறைக்காமல் அவளே உன்னிடம் சொல்லியிருக்கிறாள். "உனக்கும் அதே ஆபரேஷன்தானே அம்மா, நீ சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்" என்று எழுதியிருந்தாய். நான் மறுதபாலில் சரி என்று எழுதிவிடுவேன் என நினைத்திருப்பாய். எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. இடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. உன் பெரிய அத்தை வந்து பேசிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் தனியாக பஸ் ஏறிப் போய் வசந்தாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த இரண்டையும் நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் என் உடம்புக்கு நடந்ததை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது நீ சின்னப் பையன். உனக்குப் பயமாக இருக்குமென்று பாதியைச் சொல்லாமல் விட்டோம். மீதிப் பாதியை நீயே கற்பனை செய்துகொண்டாய்.

நீ வயிற்றில் இருந்தபோதே எனக்கு மூச்சு வாங்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள், நானும் நம்பினேன். நீ நடக்கப் பழகி, ஓடித் திரிய ஆரம்பித்த பிறகு ஒருநாள் காய்ச்சல் வந்து முட்டி, மணிக்கட்டு எல்லாம் வீங்கிப் படுத்துவிட்டேன். கடலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர், எனக்குச் சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் உள்ளே இருக்கும் ஒரு கதவைச் சுருக்கிவிட்டது என்றார். இதயத்துக்குள் கதவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் வரைந்து காட்டினார். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றும் சொன்னார். நீ ஒற்றைப் பிள்ளையானது அப்படித்தான். எனக்கு அன்றைக்குச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையைப் போல ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சில நாளிலேயே வீக்கம் வடிந்து, பசி எடுத்து, எழுந்து நடந்துவிட்டேன். ஆனால் அளவைக் குறைத்து நிறுத்தப் பார்த்தால் காய்ச்சலும் வீக்கமும் திரும்பி வந்து நிற்கும். அதனால் நம்மூர் டாக்டர் கொஞ்சமாகவே இருக்கட்டும் என்று தொடர்ந்து கொடுத்துவந்தார். வருஷங்கள் அப்படியே ஓடின.

அந்த வருஷங்களில்தான் நான் பீங்கான் தொழிற்கூடத்தில் பெயிண்டிங் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். உட்கார்ந்து செய்யும் வேலை, மூச்சு வாங்காது. சின்னச் சக்கரத்தின் மேல் கோப்பையை வைத்துச் சுற்றிவிட்டு, பிரஷ்ஷை விளிம்பில் தொட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், கோடு தானாக விழும். கை ஆடினால் கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராது. என் கோடு சேரும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சரோஜா. உனக்கு முறுக்கு கொடுத்தனுப்புவாளே, அவள்தான். மாத்திரையால் என் முகம் உப்பி வட்டமாகிவிட்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். சரோஜா மட்டும் ஒருநாள், "இன்னாடி, மொகம் மட்டும் பெருக்குது, கையி காலு குச்சியாவே இருக்குது" என்று கேட்டாள். அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

கண்ணில் மாற்றம் தொடங்கியது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஜன்னலோரம் இடம். மத்தியானம் ஆனால் எதிரே அடுக்கியிருக்கும் வெள்ளைக் கோப்பைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பால் கொட்டியதுபோல் ஆகிவிடும். விளிம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில், மற்றவர்கள் எல்லாம் விளக்கைப் போடச் சொல்லும்போது, எனக்கு மட்டும் விளிம்பு கூர்மையாகத் தெரியும். இது எனக்குப் பயத்தைவிட அதிகமாக வியப்பைத்தான் தந்தது. வீட்டிலும் சோதித்துப் பார்த்தேன். வெயிலில் நின்று உன் முகத்தைப் பார்த்தால் மூக்கு வாய் கலைந்துபோகும், உன்னைச் சமையலறைக்குள் இழுத்துவந்து பார்த்தால் மீசை முளைக்காத உதட்டின் மேல் இருக்கும் மச்சம்கூடத் தெரியும். உன்னை அடிக்கடி உள்ளே கூப்பிட்டு நிறுத்திவைத்து எதற்காகப் பார்த்தேன் என்று நீ அப்போது கேட்டதுண்டு. காரணம் இதுதான். சூப்பர்வைசரிடம் போய் என்னை ஜன்னலிலிருந்து எடுத்து இருட்டு மூலையில் போடச் சொன்னேன். "வெளிச்சம் பத்தலைன்னு ஜன்னலுக்குச் சண்டை போடுவாங்க, நீ இருட்ட கேக்கறியே" என்றார். மூலையில் போட்டபின் என் கோடுகள் மறுபடி சேர்ந்தன. அதனால் கொஞ்சநாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓட்ட முடிந்தது.

அந்தக் கார்த்திகையில்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒருவருடைய இதயத்தை எடுத்துவிட்டு, விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் இதயத்தை அவருக்கு வைத்திருக்கிறார்கள் என்று. அப்பா ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பேப்பரைக் கொண்டுவந்து உரக்கப் படித்தார். பெயிண்டிங் ரூமில் அடுத்த நாள் முழுக்க அதே பேச்சு. "அந்த ஆளு இனிமே அந்தப் பொண்ணோட அம்மாவப் பாத்தா அம்மான்னு கூப்பிடுவாரா?" என்று சரோஜா கேட்டாள். ஒருத்தி அது பாவம் என்றாள். ஒருத்தி, நெஞ்சு வெறும் பம்புதான் என்று தன் தம்பி சொன்னதாகச் சொன்னாள். நீ அன்று இரவு சாப்பிடும்போது என்னைக் கேட்டாய்: "அம்மா, ஒனக்கும் வேற நெஞ்சு வெப்பாங்களா? அப்ப என்னைய அடையாளம் தெரியுமா?" அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடையாளம் கண்ணாலதான்டா பாக்கறது" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கண்ணே எனக்குச் சரியில்லை என்பது உறைத்தது. அன்றைக்கு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா என்னை ரயிலில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். கண் டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுவார். விளக்கடித்து என் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "மத்தியானத்தைவிட சாயந்திரம் நல்லா தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ரொம்ப நாளா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார். அப்பா சட்டைப்பையிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஸ்டீராய்டு வகை மாத்திரை என்று சொல்லி விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பின்பக்கத்தில், நட்டநடுவில், திரை விழுந்திருக்கிறது. வெயிலில் கண்மணி சுருங்கினால் அந்தத் திரை வழியாக மட்டும்தான் பார்க்க முடியும். இருட்டில் கண்மணி விரிந்தால் திரையின் ஓரமாகப் பார்வை போய்விடும். அவ்வளவுதான் விஷயம். நான் மாதக்கணக்காக யோசித்த மர்மத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இந்த மாத்திரையை நெடுநாள் தின்கிறவர்களுக்கு இப்படி வருவதை வெளிநாட்டு டாக்டர்கள் சமீபத்தில்தான் கவனித்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். நான் கேட்டேன், "அந்த வேற நெஞ்சு வெச்சவங்களுக்கும் இந்த மாத்திரதான் குடுக்கறாங்களாங்க?" எதற்காக அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை, அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதே குடும்பம்தான்மா. இன்னொருத்தர் நெஞ்ச உடம்பு தள்ளிவிடாம இருக்க இதையும் சேர்த்துத்தான் குடுக்கறாங்க. அவங்க யாராவது நாலஞ்சு வருஷம் இருந்தா, ஒரு கண் டாக்டர் அவங்ககிட்டயும் போய் மத்தியானம் தெரியுதா, சாயந்திரம் தெரியுதான்னு கேக்க வேண்டி வரும்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் சிக்கல். கண்ணின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டுமென்று சொட்டுமருந்து விட்டு, மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு சின்ன இரும்புக் கருவியைக் கண்மேல் வைக்க வந்தார். தலையணை இல்லாமல் படுத்ததும் எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்து இருமினேன். டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "இப்படித்தான் எப்பவுமா?" என்றார். வீட்டில் மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குவேன் என்று அப்பா சொன்னார். கண்ணில் திரை எடுத்தால் பல நாள் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தும்மக்கூடக் கூடாது. என் நெஞ்சு என்னைப் படுக்க விடாது. கண்ணுக்கு நெஞ்சு குறுக்கே நின்றது. மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சுக்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் கண் போகும். "மொதல்ல நெஞ்சச் சரி பண்ணிட்டு வாங்க, கண்ணு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, இதய டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ரயிலில் திரும்பும்போது விழுப்புரத்தில் அப்பா எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அப்புறம், "ரெண்டு ஆபரேஷன் தாங்குவியா?" என்று கேட்டார். "எனக்கு மூணு, ரெண்டு கண்ணு இருக்குதில்லங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை பயத்தைவிட ஒரு கை உயரமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதயத்தில் செய்த ஆபரேஷனைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. இடது பக்கம் விலாவைத் திறந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் விரலை விட்டு, ஒட்டிப்போன கதவைப் பிரித்துவிட்டார்கள். எனக்கு நினைவு திரும்பிய பிறகு, அது எந்த விரல் என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். அவர் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டிவிட்டு, "இதுவரைக்கும் யாரும் இதக் கேட்டதில்ல" என்றார். பக்கத்துப் படுக்கையில் எனக்கு முந்தின நாள் அதே ஆபரேஷன் நடந்த பெண் அந்த வாரமே போய்விட்டாள். அவளுடைய புருஷன் அவளுக்காக வாங்கிவந்திருந்த ஆரஞ்சுப் பழங்களை என் மேசையில் வைத்துவிட்டு நடந்துபோனார். நான் அவற்றைத் தின்னவும் முடியாமல், கொடுத்துவிடவும் மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் குணமானதை நினைக்கும்போதெல்லாம் அவர் நடந்துபோனதும் கூடவே நினைவு வரும். உன் முடிவை எடுக்கும்போது இதையும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதற்குப் பதில் மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டார்கள். வீக்கம் திரும்பவில்லை. முகம் வற்றிப் பழைய முகம் வந்தது. ஆனால் விழுந்த திரை விழுந்ததுதான், மாத்திரையை விட்டதால் விலகவில்லை. மறு வருஷம் கண் டாக்டரிடம் போனபோது, "படுங்க பார்க்கலாம்" என்றார். தலையணை இல்லாமல் படுத்தேன். மூச்சு சீராக இருந்தது. அவர் அப்பாவின் தோளைத் தட்டினார். முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து இன்னொன்று. தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை, இரண்டு கண்ணுக்கும் கட்டு. அப்பா லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்து கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினார். அவர் வாயைத் திறந்து ஊட்டுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாயைத் திறப்பார்கள். கட்டுக்குள் கிடந்த நாட்களில் என் நெஞ்சுத் துடிப்பையே கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பு அதில் இருந்த ஒரு தடுக்கல் இப்போது இல்லை.

கட்டு அவிழ்ந்து, சோடா பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடி வந்தது. போட்டதும் எல்லாமே பெரிதாகி முன்னால் வந்து நின்றது. கதவு நிலை வளைந்திருந்தது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளர் அங்கே இருக்காது. பக்கவாட்டில் வருகிறவர்கள் ஒரு இடத்தில் மறைந்து திடீரென்று முகத்துக்கு நேரே முளைப்பார்கள். படி இறங்க மாதக்கணக்காகப் பயந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சூளையிலிருந்து வந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டு, நீலத்தை மாற்றிவிட்டீர்களா என்று சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை. "அதே நீலந்தாம்மா" என்றார். சரோஜாவும் அதையே சொன்னாள். பிறகு கண் டாக்டரிடம் கேட்டேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எல்லாருக்கும் நீலத்தைக் கொஞ்சம் வடிகட்டித்தான் விடும், எனக்கு இப்போது அந்த வடிகட்டி இல்லை என்றார். நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. கேட்காமலே இதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இனி அத்தை வந்த கதை. உன் கடிதத்தைப் பற்றி அப்பா சொன்னதும் அவர் எழுந்தார். "ஒண்ணு வந்து பட்டது போதாதா நம்ம வூட்டுக்கு? மறுபடியும் அதே மாதிரி ஒண்ணா?" என்றார். நான் சமையலறையில் இருந்தேன், எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் கெட்டவர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குச் சோறு போட்டவர். அதனால்தான் அந்தச் சொல் உள்ளே போய்த் தங்கியது. அவர் போன பிறகு நான் அப்பாவைக் கேட்டேன்: "கல்யாணத்துக்கு முன்னாலயே என் நெஞ்சு இப்படின்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. அவர் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இன்னும் மொதல்லயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

மறுநாள் கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். வசந்தா டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம். வசந்தா புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் கேட்டுக்கு எதிரிலேயே நின்றேன். என் போட்டோவை நீ காட்டியிருக்கிறாய், இந்தக் கண்ணாடியைப் பார்த்தாலே யாருக்கும் அடையாளம் தெரியும். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டதும் திரும்பி, நெருங்கி வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனாள். அவள் முகம் வட்டமாக இருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஆபரேஷனுக்கப்புறம் நல்லா இருந்துச்சுங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மறுபடி முட்டி வீங்குச்சு. அதுலேருந்து மாத்திர சாப்பிடறேன்" என்றாள். மாத்திரையைக் காட்டச் சொன்னேன். நிறம் வேறு, பெயரும் வேறு. கவரின் மேல் எழுதியிருந்த மருந்தின் பெயரை ஒன்றுக்கு இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண் டாக்டர் எனக்குச் சொல்லிவைத்திருந்த பெயர்களில் ஒன்று, அதே குடும்பம்தான். "வசந்தா, வெயில்ல கண்ணு கூசுதா?" என்று கேட்டேன். "ஆமாங்க. வெயிலுன்னா கூசத்தானேன்னு வுட்டுட்டேன்." "எதுக்க வர பஸ்ஸோட போர்டு தெரியுதா?" அவள் யோசித்தாள். "மத்தியானம் தெரியாதுங்க. சாயந்திரம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல என்னைப் பார்த்தாள்.

மரத்தடியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ், திரை, கண்மணி, எதையும் குறைக்கவில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் குறைக்க வேண்டும் என்பதை மூன்று விதமாகச் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப இருட்டுல உக்காந்து நோட்டு திருத்தறப்ப எங்கம்மா திட்டுவாங்களே, எனக்கு எழுத்து நல்லா தெரிஞ்சுதுங்க, பொய் சொல்லல" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போன இடம் அதுதான். பிறகு, "ஒங்க பையனுக்கு நெஞ்சப் பத்தி மட்டுந்தான் சொன்னேன். கண்ணு எனக்கே தெரியாது. நீங்களே எழுதிடுங்க. பாவம்னு நெனச்சு வர வேணாம்னும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ கேட்டது என் சம்மதத்தை. அது உனக்கு எப்போதும் உண்டு. ஆனால் என்னைக் காட்டி யாரையும் சம்மதிக்க வைக்காதே. நான் பிழைத்தேன், பக்கத்துப் படுக்கைக்காரி பிழைக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வசந்தாவுக்குப் பிள்ளை பெறலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அவள் கண் எவ்வளவு தூரம் மங்கியிருக்கிறது, குறைத்தால் நிற்குமா என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதையெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கேட்டுக்கொள். கேட்ட பிறகும் உன் மனசு அங்கேயே இருந்தால் அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். இல்லை என்றால் அதை அவளிடம் நீயே நேரில் சொல், எங்கள் மூலம் சொல்லாதே.

வியாழக்கிழமை பகல் வண்டியில் வசந்தாவும் நானும் மெட்ராஸ் வருகிறோம். அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், அவரிடம் படித்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டப்போகிறோம். அவள் இந்த வீட்டுக்கு வருவாளா மாட்டாளா என்று பார்த்து நான் கிளம்பவில்லை. நீ எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்தால் பெட்டியை வாங்கிக்கொண்டு அவளோடு முன்னால் நட. வராவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கு வழி தெரியும்.

அம்மா